நிவேதாவின் செமினாரை யாரும் கேட்கவில்லை

நிவேதாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் மேல் இல்லை. எங்கள் வகுப்பின் மேல், எங்கள் துறையின் மேல், எல்லோரும் சேர்ந்து அவளுக்குச் செய்ததன் மேல். அவளே சும்மா இருக்கும்போது நீ ஏன் குதிக்கிறாய் என்று என் உம்மா கேட்கிறாள். யாராவது ஒருத்தர் குதிக்க வேண்டாமா?

என் பெயர் ஹுஸ்னா. நானும் நிவேதாவும் பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் எங்கள் கல்லூரி. நான் தென்காசிக்காரி. அவள் சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். சுரண்டை என்பது பெயருக்குத்தான், வளர்ந்ததெல்லாம் திருப்பூரில். அப்பாவும் அம்மாவும் அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவள் பிளஸ் டூ முடித்த வருடம் அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு வந்ததால் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அதனால் அவள் பேச்சில் 'ங்க' ஒட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் பையன்களுக்கு அது போதாதா? "ஏனுங்க நிவேதா, சாப்புட்டீங்களாங்க?" என்று முதல் வருடம் முழுக்க ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். வருகைப் பதிவுக்குக் குரல் கொடுப்பதைத் தவிர அவள் வகுப்பில் பேசி யாரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு என்ன ஆசை தெரியுமா? வரலாற்று டீச்சர் ஆக வேண்டுமாம்.

"ஏட்டி, நாலு பேரு முன்னால வாயத் திறக்க மாட்டேங்குத. நீ எப்படி டீச்சர் ஆவ?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"அதுக்குத்தான் செமினார் வருதுல்ல ஹுஸ்னா. அதுல ஒரு தடவை நின்னு பார்த்துட்டா தெரிஞ்சிரும், என்னால முடியுமா முடியாதான்னு. முடியலைன்னா வேற வேலை பார்த்துக்க வேண்டியதுதான்" என்றாள்.

மற்றவர்களுக்கு அது பத்து மார்க். அவளுக்கு அப்படி இல்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால்தான் என் கோபம் புரியும்.

உள்ளூர் வரலாறு என்று ஒரு பாடம் எங்களுக்கு. ஆளுக்கு ஒரு தலைப்பு எடுத்து வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பின் முன்னால் பேச வேண்டும். எங்கள் துறையில் உள்ளூர் வரலாறு என்றால் ராஜா. ராஜா என்றால் அவர் யாருடைய ராஜா என்கிற தகராறு. எங்கள் பக்கம் ஒரே ராஜாவை மூன்று சாதிக்காரர்கள் மூன்று பிளக்ஸில் மூன்று மீசையோடு வைத்திருப்பார்கள். செமினார் கொடுக்கிறவர்களும் அந்த பிளக்ஸிலிருந்து இறங்கி வந்த மாதிரிதான் பேசுவார்கள். இசக்கிராஜா ஒரு வெள்ளிக்கிழமை ஒரு ராஜாவைச் சொந்தம் கொண்டாடினான் என்றால், அடுத்த வெள்ளிக்கிழமை பால்வண்ணநாதன் அதே ராஜாவைப் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டான். இருவரும் அவரவர் கூட்டத்துக்குத் தலைவர்கள். லிங்கேஸ்வரன் சார், எங்கள் துறைத் தலைவர், இரண்டையும் கேட்டுக்கொண்டு இருவருக்கும் ஒரே மார்க் போட்டார். அதில் மட்டும் அவர் ரொம்ப நியாயஸ்தர்.

நிவேதா ராஜா பக்கமே போகவில்லை. அவள் எடுத்த தலைப்பு மொட்டைக் கோபுரம். இப்போது தென்காசிக்கு வருகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிற பெரிய கோயில் கோபுரம் தொண்ணூறில் கட்டி முடித்தது. அதற்கு முன்னால் நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே நின்றது பிளந்துபோன ஒரு மொட்டை. பழைய போட்டோக்களில் அப்படித்தான் இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்த நிவேதா அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "தினமும் கண்ணு முன்னாடி உடைஞ்சு நின்னதை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் எப்படிங்க இந்த ஊரு இருந்துச்சு? கட்டுனவங்களைப் பத்தி எல்லாரும் பேசறாங்க. உடைஞ்சதோட இருந்தவங்களைப் பத்தி யாருமே பேசலையே?"

நான் அந்தக் கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவள். எனக்கு ஒரு நாளும் இந்தக் கேள்வி வந்ததில்லை. எனக்கு அவள் மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

நூலகத்துக்குப் போனாள், பழைய படங்களைத் தேடினாள், கையால் எழுதி எழுதித் திருத்தினாள். கேன்டீனுக்குப் பின்னால் நின்று என்னிடம் பேசிக் காட்டினாள். முதல் நாள் குரலே வரவில்லை. அப்புறம் அப்புறம் வந்தது. ஸ்லைடுகளை போனிலேயே செய்தாள். இலவசமாகக் கிடைத்த டெம்ப்ளேட் ஒன்று. மேலே ஒரு நிறத்தில் பட்டை, கீழே ஒரு நிறத்தில் பட்டை, நடுவில் வெள்ளை. பார்க்கப் பளிச்சென்று இருந்தது என்பதைத் தவிர அவள் அதைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் கிடையாது.

எந்த இரண்டு நிறம் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் படிக்கிற நீங்களும் அதைத்தான் பிடித்துக்கொள்வீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்து வகுப்பு நிறைந்திருந்தது. சாரல் காலத்தில் வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஐந்தருவியில் இருப்பார்கள். அன்றைக்கு மலையில் பேய் மழை. மெயினருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது, எல்லா அருவியிலும் குளிக்கத் தடை என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டது. போக்கிடம் இல்லாமல் எல்லாப் பயல்களும் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து நிவேதாவுக்குப் பயம் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

அவள் பயப்படவில்லை. நன்றாகப் பேசினாள். கோபுரத்தில் இடி விழுந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், தீப்பிடித்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், இரண்டுக்கும் என்ன ஆதாரம் என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்றாள். வழி கேட்டு வந்தவர்களுக்கு ஊர்க்காரர்கள் அந்த மொட்டையைத்தான் அடையாளம் சொல்லியிருப்பார்கள், ஆனால் இது என் ஊகம், ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை என்றாள். எங்கள் துறையில் ஒருத்தர் வாயிலிருந்து 'இது என் ஊகம்' என்று வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் முதல் ஸ்லைடு சுவரில் விழுந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. பின் பெஞ்சில் ஒரு சலசலப்பு. இசக்கிராஜாவின் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்து போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அடுத்த வரிசையில் பால்வண்ணநாதன் பெஞ்சைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். "வாங்கலே போவோம். இதக் கேக்கவா வந்தோம்?" என்றான். பத்துப் பதினைந்து பேர் அவன் பின்னால் வெளியே போனார்கள். சார் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது பார்ப்பது போல இருந்தார். நிவேதா ஒரு நொடி நின்றாள், பிறகு தொடர்ந்தாள். முடித்தபோது மிச்சமிருந்த கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஒருத்தன் விசில்கூட அடித்தான்.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது முகம் அப்படி மலர்ந்திருந்தது. "கை தட்டுனாங்க ஹுஸ்னா! பாதிப் பேருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு போல, அவங்களும் இருந்திருக்கலாம்" என்றாள். அந்தச் சந்தோஷத்தை ஒரு பத்து நிமிடமாவது விட்டுவைத்திருக்கலாம் அல்லவா? இசக்கிராஜா வந்துவிட்டான்.

"ஏ தங்கச்சி, நீ நம்ம ஆளுன்னு ஒரு வார்த்த சொல்லவேயில்ல பாத்தியா? இனிமே எவனாவது 'ங்க'ன்னு கிண்டல் பண்ணட்டும், அண்ணன்ட்ட சொல்லு" என்றான்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். குற்றாலம் ரோட்டில் மழை விட்டிருந்தது. அந்த ரோட்டில் நான் அவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன்: மின்கம்பத்தில் அடித்திருந்த இரண்டு நிறம், பாலத்துச் சுவரில் அதே இரண்டு நிறம், கொடிக்கம்பத்தில் அது, ஆட்டோவின் பின்கண்ணாடியில் அது, பள்ளிக்கூடத்துப் பையனின் மணிக்கட்டுக் கயிற்றில் அது. கொஞ்ச தூரம் போனால் வேறு இரண்டு நிறம், வேறு ஆட்கள். தினமும் பஸ் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தவள்தான் அவள். திருப்பூரில் வளர்ந்த கண்ணுக்கு அது வெறும் பெயின்ட்.

ஒரு சிப்ஸ் கடை ஓரம் நின்றுவிட்டாள். "அப்ப நான் பேசுனது?" என்று கேட்டாள்.

சுரண்டை பஸ் வந்ததும் அவளை ஏற்றி அனுப்பிவிட்டேன்.

அன்று மாலையே அவளுடைய முதல் ஸ்லைடு இசக்கிராஜாவின் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. 'எங்கள் குலத் தங்கம்' என்று மேலே எழுத்து, கீழே தீப்பிழம்பு. பிளந்துபோன கோபுரத்தின் படம் அது. அதைப் போய்க் குலப் பெருமை என்று போட்டிருந்தான் மடையன். அது ஊர் ஊராகப் போனது. திங்கட்கிழமை பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தன் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தான். இறங்குகிற இடத்தில் வேறொருத்தன் அவள் காதுபடக் காறித் துப்பினான். இரண்டும் ஒன்றுதான் என்பேன் நான். சீட்டு கொடுத்தவனும் அவளுக்குக் கொடுக்கவில்லை, துப்பினவனும் அவளைப் பார்த்துத் துப்பவில்லை. நடுவில் நிவேதா என்று ஒருத்தி இருக்கிறாளே, அவளைப் பார்க்க ஒரு நாதி இல்லை.

பால்வண்ணநாதன் கூட்டம் துறையில் போய்ப் புகார் சொல்லியது: வகுப்பறையில் சாதி அடையாளத்தைக் காட்டி எங்கள் மனதைப் புண்படுத்திவிட்டாள். யார் சொல்வது பாருங்கள்! போன மாதம் அதே சுவரில் அவன் காட்டிய ராஜாவின் தலைப்பாகை என்ன நிறம் என்று எனக்குத் தெரியாதா?

லிங்கேஸ்வரன் சார் நிவேதாவைக் கூப்பிட்டனுப்பினார், துணைக்கு நானும் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

"ஏம்மா, வெள்ளிக்கிழம கிளாஸ்ல நின்னு ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுரு. ஒரு நிமிஷம். முடிஞ்சுபோகும்" என்றார்.

"என்ன தப்புங்க சார் பண்ணுனேன்?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. எனக்குத் தெரியாதா? டெம்ப்ளேட்டுன்னு எனக்குத் தெரியும். ஆனா ஊரு நெலம அப்படி. ரெண்டு பக்கமும் சமாதானம் ஆகணும்லா? நீ கேக்கலன்னா அந்த செமினாரே கணக்குல வராது, பாத்துக்க."

நான் குறுக்கே விழுந்தேன். "சார், தப்பே இல்லன்னு நீங்களே சொல்லுதீங்க. பொறவு எதுக்கு சார் மன்னிப்பு? ஸ்டேட்டஸ் போட்டவன் கேக்க வேண்டாமா? வெளிய எந்திரிச்சுப் போனவன் கேக்க வேண்டாமா?"

"அவனுககிட்ட யாரு பேச? இவ நல்ல பிள்ள, சொன்னாக் கேப்பா" என்றார்.

கேட்டீர்களா? சொன்னால் கேட்பாள் என்பதற்காக அவளிடம் சொல்கிறார். இந்த நாட்டில் யாரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்வது என்று முடிவு செய்கிற முறையே இதுதான். எனக்கு ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிவேதா அமைதியாக, "சரிங்க சார்" என்றாள்.

வீட்டிலும் அதே கதைதான். யார் யாரோ அவள் அப்பாவுக்கு போன் செய்து மகளைப் பாராட்டியிருக்கிறார்கள், யார் யாரோ மிரட்டியிருக்கிறார்கள். மனிதர் பயந்துபோனார். "நின்னு பேசறதெல்லாம் இனி வேண்டாம்மா. பரீட்சையை மட்டும் எழுது, போதும்" என்று சொல்லிவிட்டார். இதை அவள் என்னிடம் சொன்னபோது குரலில் ஒன்றுமே இல்லை. "பார்த்துட்டேன்ல ஹுஸ்னா. என்னால முடியாதுன்னு தெரிஞ்சிருச்சு" என்றாள்.

"ஒன்னால முடிஞ்சுது. அவனுகளாலதான் கேக்க முடியல" என்று நான் கத்தினேன். கேன்டீனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆனால் நான் சொன்னதை அவள் யோசித்துக்கொண்டுதான் போயிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அருவியில் தடை இல்லை. ஆனாலும் ஒருத்தன்கூடக் குளிக்கப் போகவில்லை. ஒரு பெண் மன்னிப்புக் கேட்பதைப் பார்ப்பது அருவிக் குளியலைவிடச் சுகம் போலிருக்கிறது. சார் கடைசி வரிசையில் நின்றார். நிவேதா எழுந்து முன்னால் போனாள். கையில் போன் இல்லை, தாள் இல்லை.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. போன வெள்ளிக்கிழமை நான் பேசுனதுல சில பேரு மனசு புண்பட்டுச்சுன்னு சொன்னாங்க. மன்னிப்புக் கேட்கச் சொன்னாங்க. கேட்கிறேனுங்க" என்றாள்.

சார் முகத்தில் நிம்மதி. பால்வண்ணநாதன் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ஆனா எதுக்குன்னு தெரிஞ்சு கேட்டாத்தானே அது மன்னிப்பு? நான் பேசுனதுல எது உங்களைப் புண்படுத்துச்சுன்னு சொல்லுங்க. அதை வாபஸ் வாங்கிக்கறேன்."

அவள் பால்வண்ணநாதனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நெளிந்தான். "பேசுனதுல ஒண்ணும் இல்ல. அந்தக் கலரு..." என்று இழுத்தான்.

"கலர் என்னோடது இல்லைங்க. போன்ல வந்தது. பேசுனதுதான் என்னோடது. அதுல?"

"அதான் நாங்க வெளிய போயிட்டோம்லா."

இசக்கிராஜா பக்கத்தில் ஒரே சிரிப்பு. நிவேதா அந்தப் பக்கம் திரும்பினாள்.

"சரிங்க, நீங்க உள்ளதானே இருந்தீங்க? எழுந்து நின்னு கை தட்டுனீங்க. எதுக்குன்னு சொல்லுங்க. நான் சொன்னதுல ஏதாச்சும் ஒண்ணு."

சிரிப்பு நின்றது. இசக்கிராஜா இரண்டு பக்கமும் பார்த்தான். யாரும் கை கொடுக்கவில்லை. "அது வந்து தங்கச்சி... நம்ம ராஜா அந்தக் கோயில எப்படி எடுத்துக் கட்டுனாருன்னு..." என்றான்.

"நான் ராஜாவைப் பத்திப் பேசவே இல்லைங்களே."

எனக்குப் பெஞ்சின் மேல் ஏறிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. நிவேதா இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபத்தை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"புண்பட்டவங்களும் கேட்கலை, பாராட்டுனவங்களும் கேட்கலை. அப்ப நான் இன்னும் செமினார் கொடுக்கவே இல்லைங்க. கொடுக்காத செமினாருக்கு எப்படி மன்னிப்புக் கேட்கறது? இப்பக் கொடுக்கறேன். முடிச்சதும் சொல்லுங்க, மன்னிப்புக் கேட்கணுமா வேண்டாமான்னு" என்றாள்.

திரும்பிக் கரும்பலகையில் வெள்ளைச் சாக்பீஸால் 'மொட்டைக் கோபுரம்' என்று எழுதினாள். ஆரம்பித்தாள். சார் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை அவள் மனப்பாடம் செய்ததைச் சொல்லவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். ஒருத்தன் கவனம் சிதறினால் அவனிடமே கேள்வி கேட்டாள். 'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை, ஒருத்தனும் சிரிக்கவில்லை. முடித்தபோது பால்வண்ணநாதன் கையைத் தூக்கினான். அவன், "நடுவுல யாரும் அத எடுத்துக் கட்டப் பாக்கலியா?" என்று கேட்டான். நிவேதா யோசித்துவிட்டு, "தெரியலைங்க. நல்ல கேள்வி, தேடிப் பார்க்கணும்" என்றாள். இரண்டு வருடத்தில் அந்த வகுப்பில் யாராவது யாரையாவது கேட்ட முதல் நிஜமான கேள்வி அது. யார் முதலில் கை தட்டுவது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியாததால் யாருமே தட்டவில்லை. மன்னிப்பை யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை.

நாங்கள் வராந்தாவுக்கு வந்தபோது சார் பின்னாலேயே வந்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டிருந்தார் மனிதர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"நல்லாப் பேசுனம்மா. ரொம்ப நல்லாப் பேசுன. நீ டீச்சர் வேலைக்குப் பொறந்தவ" என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, பிரியமாகவே கேட்டார்: "ஆமா, சுரண்டையில நீங்க எந்தத் தெரு?"

எங்கள் பக்கத்தில் தெருப் பெயர் கேட்பது வீட்டுக்கு வழி தெரிந்துகொள்ள அல்ல என்பது இப்போது நிவேதாவுக்கும் தெரியும். நான் பல்லைக் கடித்தேன். அவள் சாக்பீஸ் தூளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே சாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது என் தலைப்புல இல்லைங்க சார்" என்றாள்.